அவசரத்துக்குக் கைகொடுக்கும் பை

ஐப்பசி பிறக்கப் போகிறது என்றாலே நம் வீடுகளில் ஏற்பாடுகள் ஆரம்பித்துவிடும். மிளகாய்த்தூள் அரைத்து வைப்பது, பருப்பைக் காயவைத்து டப்பாவில் அடைப்பது, குழந்தைகளின் ஸ்வெட்டரை எடுத்து உதறுவது, மொட்டைமாடிக் குழாயில் அடைத்திருக்கும் சருகை அள்ளுவது. ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் ஒரு ஏற்பாடு மட்டும் விட்டுப்போகிறது. “உடனே வீட்டைக் காலி செய்யுங்கள், தண்ணீர் வருகிறது” என்று தெருவில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனால், நம் குடும்பத்தின் காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று நமக்குத் தெரியுமா?

“அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்” என்கிறீர்களா? அங்கேதான் சகோதரிகளே, சங்கடமே!

நான் இருப்பது ஒரகடத்தில். எங்கள் தெருவில் முக்கால்வாசி சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களின் குடும்பங்கள். பொழுது விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். ஒருவர் போவார், ஒருவர் வருவார். எந்த நேரத்தில் ஆபத்து வந்தாலும் வீட்டில் கட்டாயம் இருக்கப்போகிறவள் நாம்தான். பல தொழிற்சாலைகளில் வேலை செய்கிற இடத்துக்கு செல்போன் கொண்டுபோக விடுவதில்லை. “பத்திரம் எந்த டிராயரில் இருக்கு?” என்று போன் போட்டுக் கேட்கக்கூட வழியில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இது நடக்காத விஷயமும் இல்லை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பை, மண்ணிவாக்கம் தாண்டித் தாம்பரம் பக்கம் திரும்பினால் முடிச்சூர், வரதராஜபுரம். மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் சேர்ந்து அந்த வழியாகத்தான் போகிறது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அன்று இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். முடிச்சூர் பக்கமும் சரி, கீழே அடையாற்றின் இரு கரைகளிலும் சரி, தரைத்தளத்து வீடுகளில் பீரோவே மிதந்தது. நம் வீடுகளில் முக்கியமான காகிதம் எங்கே இருக்கும்? பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைக்குக் கீழே. தண்ணீர் முதலில் தொடுவதும் அதைத்தான்!

தண்ணீர் வடிந்த பிறகுதான் காகிதத்தின் அருமை தெரிந்தது. அந்த ஆண்டு அரசு நிவாரணமாகக் குடிசைகளுக்கு 10,000 ரூபாயும் மற்ற வீடுகளுக்கு 5,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் போட்டார்கள். பாஸ்புக் கரைந்து போனவர்கள் கணக்கு எண்ணுக்கு எங்கே போவார்கள்? தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. பாஸ்போர்ட் நனைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் புதியது தருவதாக மத்திய அரசும் அறிவித்தது. மறுபடி 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அப்போது 6,000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடைகளில் குடும்ப அட்டையைப் பார்த்துக் கொடுத்தார்கள். கஷ்ட காலத்தில் “நான் இன்னார், என் வீடு இது” என்று எடுத்துச் சொல்ல ஒரு அத்தாட்சி வேண்டியிருக்கிறதே!

எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பெண் 2015-ல் வரதராஜபுரத்தில் இருந்தவள். ஒருநாள் துணி காயப்போடும்போது பேச்சு வந்தது.

“ஆதாரு, ரேஷன் கார்டு எல்லாம் அலைஞ்சு திரிஞ்சு வாங்கிட்டோம்க்கா. எங்கப்பா கையால எழுதி, நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பாகப்பிரிவினைக் காகிதம் ஒண்ணு என்கிட்ட இருந்தது. பதிவு பண்ணலை. அது கூழாப் போச்சு.”

“அண்ணன் தம்பிங்க என்னம்மா சொல்றாங்க?”

“நல்லவங்கதான்க்கா. ஆனா இப்ப என் பங்கு அவங்க நல்ல மனசுலதான் இருக்கு. காகிதத்துல இல்லை.”

அவள் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு கணக்குப் புரிந்தது. நம் காகிதங்கள் இரண்டு ஜாதி. எண் இருந்தால் திரும்ப வருகிறவை ஒன்று. போனால் போனதுதான் என்பவை இன்னொன்று. ஆதார், ஸ்மார்ட் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பட்டா இவையெல்லாம் அரசாங்கத்தின் கணினியில் இருக்கின்றன. பதிவு செய்த வீட்டுப் பத்திரம் தொலைந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். அலைச்சல்தான், ஆனாலும் கிடைத்துவிடும். ஆனால் பதிவாகாத குடும்ப ஒப்பந்தம், கையால் எழுதிய பழைய பிறப்புச் சான்று, மாமனார் காலத்து வரி ரசீது, கணவரின் முந்தைய கம்பெனி கொடுத்த அனுபவச் சான்று இவற்றுக்கு இன்னொரு பிரதி எங்கேயும் இல்லை. பார்க்க அழுக்காக, மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்தக் காகிதங்களுக்குத்தான் முதல் இடம் தரவேண்டும். நாமோ பளபளவென்று இருக்கும் கார்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, பழையதைப் பரணில் போட்டுவிடுகிறோம்!

சரி, பை தயார் செய்வோமா? ஜிப் வைத்த, தோளில் மாட்டுகிற பையாக இருக்கட்டும். ஒரு இடுப்பில் குழந்தை இருக்குமே! உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் உறை இரண்டு. காகிதத்தைப் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை மூடவேண்டும்.

முதல் உறையில் அசல்கள்: மேலே சொன்ன ஒற்றைப் பிரதிக் காகிதங்கள், எல்லோருடைய மதிப்பெண் பட்டியல்கள், பிறப்புச் சான்று, திருமணப் பதிவுச் சான்று, பாஸ்போர்ட். வீட்டுப் பத்திரத்தின் அசலை வங்கி லாக்கரில் வைத்து, நகலைப் பையில் வைப்பது நல்லது.

இரண்டாவது உறையில் நகல்கள்: ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், கேஸ் புத்தகம், இன்சூரன்ஸ் பாலிசி, வண்டியின் ஆர்.சி., வாடகை ஒப்பந்தம். எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு ஆதாரில் சொந்த ஊர் விலாசம்தான் இருக்கிறது. “நாங்கள் குடியிருப்பது இங்கே” என்று காட்ட வாடகை ஒப்பந்தம்தான் உதவும். கூடவே ஒரு வெள்ளைத்தாளில் எல்லா எண்களையும், நான்கு உறவினர்களின் போன் எண்களையும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வையுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் அம்மாவின் நம்பர்கூட ஞாபகம் வராது, வாஸ்தவம்தானே?

இளம் தாய்மார்களுக்கு இன்னொரு வார்த்தை. குழந்தையின் தடுப்பூசி அட்டையும் இந்தப் பையில்தான் இருக்கவேண்டும். கர்ப்பிணியாக இருந்தால் தாய் சேய் நல அட்டை, ரத்த வகை, கடைசி ஸ்கேன் ரிப்போர்ட், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த 12 இலக்கப் பதிவு எண் எல்லாம் தயாராக இருக்கட்டும். நம் தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றுக்கே அந்த எண்ணைக் கேட்கிறார்கள். படகில் போய் எந்த ஆஸ்பத்திரியில் இறங்கினாலும், புது டாக்டர் அந்த அட்டையைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துகொள்வார். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களின் மருந்துச் சீட்டும் அப்படியே. பேசத் தெரியாத குழந்தையின் சட்டையின் உள்பக்கத்தில் பெயரும் இரண்டு போன் எண்களும் எழுதிய துணித்துண்டைத் தைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வைக்கலாம். மத்திய அரசு 2015-ல் தொடங்கிய டிஜிலாக்கரில் ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றைப் பெற்று வைத்தால் அசலுக்குச் சமமாகவே ஏற்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. இதைத் திறக்க ஓ.டி.பி. எண் வேண்டும். அது எந்தப் போனுக்கு வரும்? நம்மில் எத்தனை பேருடைய ஆதார், கணவரின் நம்பரிலோ, கல்யாணத்துக்கு முன்பு வைத்திருந்த பழைய சிம்மிலோ இணைந்திருக்கிறது! பழைய சிம் நம் கையில் இல்லை. கணவரின் போனோ கம்பெனி லாக்கரில். ஆதார் சேவை மையத்துக்கு ஒரு நடை போய், இன்று உங்கள் கையில் இருக்கும் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 1947 என்ற எண்ணில் கேட்கலாம்.

மகளை வேலைக்கு அனுப்பியிருக்கும் அம்மாக்களும் கவனிக்கவேண்டும. எங்களுக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் விடுதியைத் திறந்தார்கள். இப்படி ஊர்விட்டு ஊர் வந்து விடுதியில் தங்கும் பெண்கள் அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்து வைக்கக்கூடாது. காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நெருப்பு, வாயுக்கசிவு என்று மணி அடித்தால் அறைக்குத் திரும்பி ஓடவும் கூடாது. அசலை அம்மா வீட்டில் வைத்து, நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்வது உத்தமம்.

சான்றிதழ்களை லாமினேட் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். வேண்டாம். பின்னால் அத்தாட்சி முத்திரை குத்த முடியாமல் போகும். ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் உள்ளேயே பூசணம் பிடிக்கும். பிளாஸ்டிக் உறையே போதும்.

அப்படியும் நனைந்துவிட்டால் பதறாதீர்கள். ஒட்டியிருக்கும் பக்கங்களைப் பிய்க்கக்கூடாது. வெயிலில் போடுவதோ, இஸ்திரிப்பெட்டி வைப்பதோ கூடாது. நடுநடுவே வெள்ளைத்தாள் அல்லது மெல்லிய பருத்தித்துணி வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். தாளை அடிக்கடி மாற்றுங்கள். உடனே உலர்த்த நேரமில்லையென்றால், கரண்ட் இருக்கும் வீட்டு பிரிட்ஜில் ஃப்ரீசர் தட்டில், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கலாம். பூசணம் பிடிக்காமல் நிற்கும். பிறகு நிதானமாக உலர்த்திக்கொள்ளலாம்.

கடைசியாகச் சொன்னாலும் முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். பை கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் எடுங்கள். தண்ணீர் உள்ளே வந்துவிட்டதா, விட்டுவிட்டு வெளியே வாருங்கள். படகில் ஏற்றுகிறவர் அடையாள அட்டை கேட்கமாட்டார். காகிதத்துக்காகத் திரும்பிப் போன கால் திரும்பி வராமல் போகலாம். அதனால்தான் பையை அடித்தட்டில் வைக்காமல், வாசல் பக்கத்து அறையில் ஆளுயர ஆணியில் மாட்டச் சொல்கிறேன். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070, அவசர எண் 112. இவற்றையும் அந்த வெள்ளைத்தாளில் எழுதிவிடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவரையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து, பீரோவைக் காலி செய்யுங்கள். ஒவ்வொரு காகிதத்தையும் “இது என்ன, எதற்கு?” என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பொழுது வேலைதான். பை ஆணியில் தொங்கினால், ராத்திரி மழைச் சத்தம் கேட்டாலும் நிம்மதியாகத் தூங்கலாம்!