இன்சுலின் ஊசி தண்டனை அன்று

எங்கள் வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி காணும் காட்சி இது. ஏழாம் மாதக் கர்ப்பிணி ஒருவர் கணவருடனும் மாமியாருடனும் அமர்ந்திருப்பார். "இன்சுலின் தொடங்க வேண்டும்" என்று சொன்னதும் அறையில் பேச்சு நின்றுவிடும். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை இல்லையே டாக்டர், இவள் இனிப்பை விடவே மாட்டாள்" என்பார் மாமியார். அந்தப் பெண் தலைகுனிவார். அவர் தலைகுனிய வேண்டியதில்லை என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடலில் இன்சுலின் செயல்படும் திறனைக் குறைக்கின்றன. குழந்தைக்குக் குளுக்கோஸ் தடையின்றிக் கிடைக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. அதை ஈடுகட்டத் தாயின் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலோருக்கு அது இயல்கிறது, சிலருக்கு இயல்வதில்லை. பரம்பரை, உடல் எடை, வயது ஆகியவை வாய்ப்பைக் கூட்டலாம். வளைகாப்பன்று உண்ட சர்க்கரைப் பொங்கலால் வருவதன்று இந்நோய்.

முதலில் உணவு முறையும் நடைப்பயிற்சியுமே சிகிச்சை. பலருக்கு அவையே போதும். வெறும் வயிற்றில் 95, உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பின் 120 மில்லிகிராம் ஆகிய அளவுகளுக்குள் சர்க்கரை அடங்காதபோதுதான் மருந்தோ இன்சுலினோ தேவைப்படுகிறது.

"ஊசி குழந்தையைப் பாதிக்காதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாம் செலுத்தும் இன்சுலின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் செல்வதில்லை. தாயின் இரத்தத்தில் மிகுந்துள்ள சர்க்கரையோ தங்குதடையின்றிச் செல்கிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கிறது, பிரசவம் கடினமாகிறது, பிறந்த சில மணி நேரத்தில் அதன் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ஆகவே அஞ்ச வேண்டியது ஊசிக்கன்று, கட்டுப்படாத சர்க்கரைக்கே. "ஒருமுறை தொடங்கினால் ஆயுள் முழுவதுமா?" என்ற அச்சமும் தேவையற்றது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோருக்கு இன்சுலின் நிறுத்தப்படுகிறது.

அச்சத்தால் யாரிடமும் சொல்லாமல் ஊசியைத் தவிர்த்துவிடும் பெண்கள் உண்டு. அவர்களை மட்டும் குறை கூற மாட்டேன். ஐந்து நிமிடம் விளக்காமல் மருந்துச் சீட்டை நீட்டும் மருத்துவர்களாகிய எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. புரியும்வரை கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று சோற்றை அள்ளி வைக்காதீர்கள். பயந்து பட்டினி போடவும் வேண்டாம். காய்கறியும் பருப்பும் மிகுந்த அதே உணவை எல்லோரும் சேர்ந்து உண்ணுங்கள். இன்சுலின் போட்டபின் உணவு தாமதமாகக் கூடாது. நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் உடனே சர்க்கரை கலந்த நீர் கொடுத்துவிட்டு எங்களை அழையுங்கள்.

குழந்தை பிறந்ததும் வீட்டில் எல்லோருடைய கண்ணும் தொட்டிலின் மேல்தான். தாயின் சர்க்கரை மறந்துபோகிறது. பிரசவமான ஆறாவது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் நாளிலேயே தாய்க்கும் இப்பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். அழைத்து வரும் பொறுப்பைக் கணவர்கள் ஏற்க வேண்டும்.