நம்ம குரூப்புக்கு யார் ஓனர்? 1985-ல் பிறந்த 'தி வெல்' சொல்லும் பதில்

உங்க போன்ல இப்போ எத்தனை குரூப் இருக்கு? அபார்ட்மென்ட், ஆபீஸ், காலேஜ் பேட்ச், சொந்தக்காரங்க... நாளைக்குக் காலையில அந்த ஆப் 'சேவையை நிறுத்துகிறோம்'னு அறிவிச்சா எதை எடுத்துக்கிட்டு எங்க போவீங்க?

இது வெறும் கற்பனை இல்லை. 2014 செப்டம்பர் 30-ல் ஆர்குட் மூடப்பட்டது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடப்பட்டது. இரண்டிலும் முடிவெடுத்தது நிறுவனம். உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு ஓட்டு கிடையாது.

ஆனால் மோடம் காலத்தில் பிறந்து, விற்பனைக்கு வந்தபோது தன்னைத் தானே விலைக்கு வாங்கிய ஒரு ஆன்லைன் கூட்டமும் இருக்கிறது. அதன் பெயர் 'தி வெல்'.

டயல்-அப் காலத்தில் என்ன நடந்தது?

1978 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இருவர் முதல் கணினி அறிவிப்புப் பலகையை இயக்கினார்கள். ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு போன் லைன். ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவருக்கு 'எங்கேஜ்டு' டோன்தான். லோக்கல் காலுக்குச் செலவு குறைவு என்பதால், இப்படிப்பட்ட பலகைகளில் பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்களே கூடினார்கள்.

1985-ல் கலிபோர்னியாவின் சாசலிட்டோவில் 'வெல்' தொடங்கியது. ஆரம்பித்தவர்கள் ஸ்டுவர்ட் பிராண்ட், லாரி பிரில்லியன்ட். இந்த பிரில்லியன்ட் நமக்கு அந்நியர் இல்லை. 1970-களில் இந்தியாவில் பெரியம்மை ஒழிப்பில் வேலை செய்த டாக்டர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு கைகோத்த 'சேவா' அமைப்பை நிறுவியவர்களில் ஒருவர்.

வெல்லில் ஒரே நேரத்தில் பலர் டயல் செய்து நுழையலாம். திரை முழுக்க எழுத்துதான். போட்டோ இல்லை, லைக் இல்லை. மாதக் கட்டணம் தனி, மணிக்கணக்குக் கட்டணம் தனி. அப்படியும் ஆட்கள் வந்தார்கள். 'கிரேட்ஃபுல் டெட்' இசைக்குழுவின் ரசிகர்கள் விடிய விடியப் பேசியே பில்லை ஏற்றினார்கள்.

இரண்டு விதிகள் முக்கியம். ஒன்று, முகமூடிக்கு இடமில்லை. பேசுவது யார் என்று மற்ற உறுப்பினர்கள் தெரிந்துகொள்ளலாம். இரண்டு, நீங்கள் எழுதியது உங்களுடையது. உரிமையும் உங்களுக்கு, பொறுப்பும் உங்களுக்கு. ஆபீஸில் நேரில் சந்திக்கும் விருந்துகளும் நடந்தன. திரையில் சண்டை போட்டவரை நேரில் பார்த்துக் கைகுலுக்கியாக வேண்டும்!

வெப்சைட் ஆனதும்?

1990-களில் இணையம் பரவியதும் வெல்லும் வலைத்தளமாக மாறியது. ஆனாலும் பழைய எழுத்துத் திரையை விட மனசில்லாமல் அதிலேயே தொடர்ந்தவர்கள் உண்டு. இதற்கிடையே முதலாளிகளும் மாறினார்கள். 1994-ல் தொழிலதிபர் புரூஸ் காட்ஸ் கைக்குப் போனது. 1999-ல் 'சலோன்' இதழ் வாங்கியது. 2012-ல் சலோன் அதை விற்பனைக்கு வைத்தபோது 3,000-க்கும் குறைவான உறுப்பினர்களே மிச்சம்.

வழக்கமாக இங்கேதான் கதை முடியும். ஆனால் நீண்டநாள் உறுப்பினர்கள் சிலர் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, 4 லட்சம் டாலர் கொடுத்து வெல்லை வாங்கினார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 2 கோடி ரூபாய். வாடகைக்கு இருந்தவர்களே வீட்டை வாங்கின மாதிரி.

நம்ம கோணம் என்ன?

டெக்னாலஜி மாறுவதால் கூட்டம் அழிவதில்லை என்பதே என் வாதம். மோடத்திலிருந்து வெப்சைட்டுக்கு வந்தும் வெல் பிழைத்தது. கூட்டத்தைக் கொல்வது, அதில் பேசுபவர்களுக்கு அதன்மேல் உரிமை இல்லாத நிலைமைதான். காசு கொடுத்தவர்களுக்கு அது 'நம்ம இடம்'. நாம இலவசமாக இருக்கும் இடத்தில், விளம்பரதாரர்தான் வாடிக்கையாளர்.

'இது பணக்கார அமெரிக்கர்களின் கிளப்தானே?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டணம் என்றாலே பலருக்குக் கதவு மூடும். ஆர்குட் போன்ற இலவசத் தளங்கள் இல்லையென்றால், நம் ஊரில் பலர் ஆன்லைனில் பேசவே தொடங்கியிருக்க மாட்டார்கள். வெல்லும் பெரிதாக வளரவில்லை. சின்னதாக இருந்ததற்குக் கொடுத்த விலை அது.

அதற்காக எல்லாரும் 2 கோடி திரட்ட வேண்டியதில்லை. எங்க காலேஜ் குரூப்பில் அட்மின் போன் தொலைந்தபோதுதான், நாலு வருஷ போட்டோ அவனிடம் மட்டுமே இருந்தது தெரிந்தது. ஒருத்தருக்கு ரெண்டு அட்மின், மாதம் ஒருமுறை பேக்கப், எல்லாருடைய நம்பரும் மெயில் ஐடியும் இருக்கும் ஒரு பட்டியல், வருஷத்துக்கு ஒரு நேர் சந்திப்பு. இவ்வளவு செய்தாலே, ஆப் போனாலும் ஆட்கள் போக மாட்டார்கள்.

இன்னைக்கு சாயங்காலம் உங்க குரூப்பில் ஒரு கேள்வி போட்டுப் பாருங்க: "இந்த ஆப் இல்லாட்டி நாம எங்க சந்திக்கலாம்?" பதில் வந்தால், அது கூட்டம். வெறும் ப்ளூ டிக் மட்டும் வந்தால், யோசிக்க வேண்டிய நேரம்!