காலிக் குப்பியின் இரண்டாம் வாழ்வு

நம் வீடுகளில் எந்தப் பொருளும் ஒரே பயனோடு முடிந்துவிடுவதில்லை. பழைய வேட்டி கரித்துணியாகிறது. பிஸ்கட் டின்னில் ஊசியும் நூலும் குடியேறுகின்றன. தேய்ந்த பல்துலக்கி, சைக்கிள் சங்கிலியைத் துடைக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் தொழிற்சாலைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்கள் இத்தகைய சிக்கனத்தை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. மருத்துவமே அப்பழக்கத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. அதே பழக்கம் சில இடங்களில் உயிருக்கு உலை வைக்கவும் செய்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கடனைச் சொல்கிறேன். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில், குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடத்தில் பிடிக்கும்போது பழைய பருத்திப் புடவையைக் குறைந்தது நான்கு முறை மடித்து வடிகட்டுமாறு பெண்களுக்குக் கற்றுத்தந்தார்கள். காலரா கிருமி நீரில் வாழும் நுண்ணிய மிதவை உயிரிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வுயிரிகளைத் துணி தடுத்துவிட்டால் கிருமியின் பெரும்பகுதியும் தங்கிவிடும். 65 கிராமங்களில் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2003இல் வெளியானது. காலரா ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்திருந்தது. புதுப் புடவையைவிடப் பலமுறை துவைத்து நைந்த புடவையே நன்றாக வடிகட்டியது என்பது இதில் சுவையான செய்தி. துவைக்கத் துவைக்க இழைகள் பருத்து, இடைவெளிகள் சிறுத்துவிடுகின்றன. (கொதிக்க வைக்க வழியுள்ள நாம் வடிகட்டுவதோடு நிறுத்திவிடக் கூடாது.)

மற்றொன்று, ஆஸ்துமா நோயாளிகள் அறிந்த ஸ்பேசர். இன்ஹேலர் மருந்து தொண்டையில் படியாமல் நுரையீரலுக்குச் செல்ல உதவும் கருவி அது. அதை வாங்க இயலாத குழந்தைகளுக்காகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மருத்துவர்கள், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் பொருந்துமாறு துளையிட்டுப் பார்த்தனர். இடைவெளியின்றி அடைத்த பாட்டில், கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்ததென 1999இல் அறிவித்தனர். அதே ஆய்வில் தெர்மோகோல் கோப்பை அந்த அளவுக்குப் பயன் தரவில்லை. ஒன்று உதவியது, மற்றொன்று போதவில்லை என்பது அளந்து பார்த்த பின்னரே தெரிந்தது. ஆகவே இதை வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர், முதலில் தம் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். ஒரு பொருளுக்குப் புதிய வேலை கொடுக்கலாம்; ஆனால் அதன் பழைய அடையாளம் பிறர் மனத்தில் அழிவதில்லை. நம் தெருக்களில் பினாயிலும் கழிப்பறை ஆசிட்டும் பழைய குடிநீர் பாட்டில்களிலும் குளிர்பானப் பாட்டில்களிலும் விற்கப்படுவதைப் பார்க்கிறோம். வீட்டில் எஞ்சிய தின்னரும் மண்ணெண்ணெயும் அப்படியே சேமிக்கப்படுகின்றன. தாகம் எடுத்த குழந்தை அதைத் திறந்து குடித்துவிட்டால், "கவனிக்காமல் விட்டாயே" என்று தாயின்மேல் பழி விழுகிறது. இது நியாயமன்று. அந்தப் பாட்டில் குடிப்பதற்குரியது என்று குழந்தைக்குக் கற்றுத்தந்தவர்கள் நாம் அனைவரும்தான். குழந்தை கற்ற பாடத்தின்படியே நடந்துகொண்டது. நள்ளிரவில் இருட்டில் கைநீட்டும் முதியவருக்கும் இதே கதிதான்.

மண்ணெண்ணெயும் தின்னரும் வயிற்றைவிட நுரையீரலுக்கே பெருங்கேடு செய்பவை. வாந்தி எடுக்க வைத்தால் அவை மூச்சுக்குழாய்க்குள் புகும் வாய்ப்பு மிகும். ஆசிட்டோ, இறங்கும்போது சுட்ட உணவுக்குழாயை ஏறும்போது மீண்டும் சுடும். எனவே வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசல், எலுமிச்சைச் சாறு என எதையும் புகட்டாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். பாட்டிலையும் மறவாமல் கொண்டுவாருங்கள். ஆனால் பாட்டிலில் 'குடிநீர்' என்றே எழுதியிருந்தால், உள்ளே இருந்தது எதுவென்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பொய்யான பெயர்ச்சீட்டு குழந்தையை ஏமாற்றியபின் மருத்துவரையும் திகைக்க வைக்கிறது.

எதிர்த்திசையிலும் தவறு நிகழ்கிறது. தொழிற்பேட்டைகளில் வேதிப்பொருள் வந்திறங்கிய டிரம்கள், பழைய சாமான் கடை வழியாக வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டிகளாக வந்து சேர்கின்றன. சில வேதிப்பொருள்களைப் பிளாஸ்டிக் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் அவை முழுதும் நீங்கா. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டதைக் கண்ட மக்களிடம் தண்ணீரைச் சேமிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மில் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் பிடிக்காதீர்கள் என்றே சொல்கிறேன். நல்ல டிரம்மானாலும் மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, நீரின்றியே பல மாதங்கள் சுவரில் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டுவது மட்டும் போதாது.

சமையலறைப் பொருள்களை மருந்தாக்குவது மூன்றாவது வகை. தீப்புண்ணில் பற்பசை, பேனா மை, இட்லி மாவு, காப்பித்தூள் ஆகியவற்றைப் பூசிக்கொண்டு வருகிறார்கள். இவை சூட்டை வெளியேற விடாமல் தடுக்கின்றன. புண்ணின் ஆழத்தை மறைக்கின்றன. அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது நோயாளி படும் வேதனையும் கொஞ்சமன்று. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதே சிறந்த முதலுதவி. பிறகு துவைத்த பருத்தித் துணியால் தளர்வாக மூடலாம். ஆக, அலமாரியில் இருக்கும் பழைய வேட்டிக்கு இங்கும் வேலை உண்டு, பற்பசைக்கு இல்லை. அதேபோல் மருந்து அளக்கச் சமையல் கரண்டி ஆகாது. ஒரு வீட்டு ஸ்பூன் மறு வீட்டு ஸ்பூனுக்குச் சமமன்று. மருந்தோடு வரும் மூடியால் மில்லியில் அளப்பதே சரி.

ஆகவே, எந்தப் பொருளுக்கும் இரண்டாம் வேலை தருமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். முன்பு இதில் என்ன இருந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரியுமா? இதைப் பார்க்கும் குழந்தையோ முதியவரோ வேறொன்றாக நினைப்பார்களா? இது உடலில் படுமா, உடலுக்குள் போகுமா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றோ, இரண்டாவதற்கு 'ஆம்' என்றோ விடை வந்தால் அந்த யோசனையைக் கைவிடுங்கள். மூன்றாவதற்கு 'ஆம்' என்றால் மருத்துவரையோ செவிலியரையோ கேளுங்கள்.

குடியிருப்போர் நலச் சங்கங்களும் இதில் ஒன்று செய்யலாம். குடிநீர் பாட்டிலில் ஊற்றி விற்கும் பினாயிலையும் ஆசிட்டையும் எங்கள் தெருவில் வாங்கமாட்டோம் என்று முடிவெடுக்கலாம். அதற்குச் சட்டமோ செலவோ தேவையில்லை. இன்று வீடு திரும்பியதும் கழிப்பறை அலமாரியையும் பால்கனி மூலையையும் ஒருமுறை பாருங்கள். குடிநீர் பெயர் தாங்கிய குப்பியில் குடிக்கத் தகாதது இருந்தால், அதை இன்றே அப்புறப்படுத்துங்கள்.