குவாரி வருதுன்னா முதலில் பேப்பரைக் கேளுங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

கோயில் பக்கத்துல கல் குவாரி வரப்போகுது, சரளைக்கல் எடுக்கப் போறாங்கன்னு பேச்சு கிளம்பினாலே நம்ம ஆளுங்க இரண்டா பிரிஞ்சிடறோம். ஒரு பக்கம், "கோயில் பக்கத்துல எதுவுமே வரக்கூடாது"ன்னு கோபம். இன்னொரு பக்கம், "அரசாங்கம் பார்த்துக்கும், நமக்கு எதுக்கு வம்பு"ன்னு ஒதுங்கிடறது. இரண்டுமே சரியில்லைன்னுதான் நாங்க நினைக்கிறோம்.

சரளைக்கல் எல்லாருக்கும் வேணும். திருப்பணிக்கு மண்டபம் கட்டறோம், கான்கிரீட் போடறோம். அந்தக் கல் ஏதோ ஒரு ஊர் மலையில இருந்துதான் லோரி ஏறி வருது. அதனால கல்லே எடுக்காதேன்னு சொல்ல நமக்கு உரிமை இல்லை. கேட்க வேண்டியது ஒண்ணுதான்: இந்த நிலம் அந்த வேலைக்குத் தகுதியானதா?

தொண்டு செய்யற எங்கள்ல பல பேர் பேக்டரியில வேலை பார்க்கறவங்க. புது மெஷின் வந்தா யார் சத்தமா பேசறாங்கன்னு பார்த்து ஓட்ட மாட்டோம். எந்த பாரத்துல கையெழுத்து இல்லைன்னு பார்ப்போம். இதுவும் அப்படித்தான். தீபகற்ப மலேசியாவில் நான்கு விஷயம் பார்க்கணும்.

முதல்ல நிலத்தோட கிரான். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி நிலப் பயன்பாடு மூணு வகை: விவசாயம், கட்டடம், தொழில். கிரான்ல விவசாயம்னு போட்டிருந்தா, அதை மாற்றாம அங்க எப்படி குவாரி நடத்த முடியும்னு கேட்கலாம்.

இரண்டாவது, கல் எடுக்கும் பெர்மிட். கல், சரளை, மணல், களிமண் எல்லாமே அந்தச் சட்டத்துல "பாறைப் பொருள்"தான். சொந்த நிலமா இருந்தாலும் அதை வெட்டி எல்லை தாண்டி ஏத்திட்டுப் போக நில அலுவலகத்தோட பெர்மிட் வேணும்.

மூன்றாவது, கெபெனாரான் மெரன்சாங், அதாவது திட்டமிடல் அனுமதி. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் "மேம்பாடு" என்பதற்குச் சொல்ற விளக்கத்திலேயே சுரங்க வேலையும் அடங்கும். ஊராட்சி மன்றத்தோட அனுமதி இல்லாம ஆரம்பிக்கக் கூடாது. ரஞ்சாங்கான் தெம்பாத்தான் எனப்படும் உள்ளூர்த் திட்டத்துக்கும் அந்த வேலை ஒத்து வரணும்.

நான்காவது, சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை. இது 2015ஆம் ஆண்டு ஆணைப்படி. அந்த ஆணையின் இரண்டாவது அட்டவணையில வர்ற வேலைன்னா, அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைக்கணும், நாமும் கருத்து எழுதிக் கொடுக்கலாம்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்துல விண்ணப்பம் வந்தா, பக்கத்து நில உரிமையாளருக்கு மன்றம் நோட்டீஸ் கொடுக்கணும். ஆட்சேபம் சொல்ல 21 நாள். "பக்கத்து நிலம்"னா ஒட்டி இருக்கிற நிலம், அல்லது 20 மீட்டருக்கு மேல போகாத ரோடோ கால்வாயோ நடுவுல இருக்கிற நிலம். கவனிங்க, சட்டம் சொல்றது நில உரிமையாளரை. நூறு வருஷமா தீ மிதிச்சிருக்கோம், பால்குடம் எடுத்திருக்கோம்னு சொன்னாலும், கோயில் நிலம் நம்ம பேர்ல இல்லைன்னா நோட்டீஸ் நமக்கு வராது. தோட்டத்துரை காலத்துல வாய்வார்த்தையில கொடுத்த இடத்துல நிக்கிற கோயில்கள் எத்தனை! குவாரியை விட நமக்கு இதுதான் பெரிய ஆபத்து.

உள்ளூர்த் திட்டம் இருக்கிற இடத்துல, வாய் திறக்க வேண்டிய நேரம் இன்னும் முன்னாடியே வந்துடும். திட்டத்தோட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கிறப்போ, ஆட்சேபம் சொல்ல குறைஞ்சது நாலு வாரம் கொடுக்கணும். அந்த நாலு வாரத்துல நம்ம கோயில்ல இருந்து யார் போய்ப் பார்க்கிறோம்? லோரி வந்து தூசி பறந்த பிறகு பேனர் கட்டறோம்.

பத்துமலையை நினைச்சுப் பாருங்க. பக்கத்துல 29 மாடி கொண்டோ வேண்டாம்னு 2012ல பெரிய எதிர்ப்பு கிளம்பிச்சு, மாநில அரசும் நிறுத்திச்சு. ஆனா அதுக்கு அனுமதி 2007லேயே கொடுத்தாச்சு. நடுவுல அஞ்சு வருஷம். பத்துமலைக்கு நாடே திரும்பிப் பார்க்கும். செம்பனைக்கு நடுவுல இருக்கிற நம்ம மாரியம்மன் கோயிலுக்கு யார் திரும்பிப் பார்ப்பா?

இன்னொண்ணும் சொல்லணும், சிலருக்குக் கசக்கும். அனுமதி எங்கேன்னு குவாரிக்காரரைக் கேட்டா, உங்க அன்னதானக் கூடத்துக்கு அனுமதி எங்கேன்னு அவரும் திருப்பிக் கேட்பார். அதுக்குப் பதில் நம்ம பைலில் இருக்கணும்.

அதனால நிர்வாகத்துக்கு எங்க வேண்டுகோள் இதுதான். அடுத்த திருவிழா பட்ஜெட் பேசறதுக்கு முன்னாடி, இரண்டு பேரை நில அலுவலகத்துக்கு அனுப்புங்க. கோயில் நிலம் யார் பேர்ல இருக்குன்னு தேடி எடுங்க. அப்படியே ஊராட்சி மன்றத்துக்குப் போய் உள்ளூர்த் திட்டத்துல நம்ம பகுதிக்கு என்ன போட்டிருக்காங்கன்னு பாருங்க. இளைஞர் பிரிவுல மலாய் நல்லா எழுதற பிள்ளைங்க இருக்காங்க, அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.

எல்லா பேப்பரும் சரியா இருந்து அந்த நிலத்துக்குத் தகுதி இருந்தா, வேலை நேரம், வெடி வைக்கிற நேரம், லோரி போற பாதை இதைப் பற்றி மரியாதையா உட்கார்ந்து பேசுவோம். தகுதி இல்லைன்னா எழுத்துல ஆட்சேபம் கொடுப்போம், முத்திரை குத்தின நகலை வாங்கி வைப்போம்.

அம்பாள் துணை இருப்பா. மனு எழுத வேண்டியது நாமதான்.

ஓம் சக்தி.