அகத்தி ஓடுபாதையை நீட்டுவதா, அதற்கேற்ற சிறிய விமானத்தை அனுப்புவதா?

லட்சத்தீவில் மக்கள் வசிக்கும் தீவுகள் 10. அவற்றில் விமானம் இறங்கக்கூடிய தீவு அகத்தி மட்டுமே. அதன் தென்முனையில், இருபுறமும் கடல் சூழ அமைந்துள்ள ஓடுபாதையின் நீளம் 1,300 மீட்டருக்கும் குறைவு. யூனியன் பிரதேசத்தின் தலைநகரான கவரத்திக்குக்கூட விமான சேவை கிடையாது. அகத்தியில் இறங்கி, அங்கிருந்து படகிலோ ஹெலிகாப்டரிலோ ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பயணம் செய்தாக வேண்டும்.

பிரதமர் நரேந்திர மோடி 2024 ஜனவரியில் இத்தீவுகளுக்குச் சென்று வந்த பிறகு, அகத்திக்கான விமான சேவைகள் அதிகரித்தன. கொச்சியிலிருந்து அலையன்ஸ் ஏர் மட்டுமே இயக்கி வந்த நிலை மாறி, அதே ஆண்டில் பெங்களூருவிலிருந்து இண்டிகோவும் கோவாவிலிருந்து ஃப்ளை91 நிறுவனமும் சேவை தொடங்கின. ஏர்பஸ் ஏ-320 போன்ற ஜெட் விமானங்கள் இறங்கும் அளவுக்கு அகத்தி ஓடுபாதையை நீட்டிக்கும் திட்டமும், மினிக்காயில் ராணுவமும் பொதுமக்களும் பயன்படுத்தக்கூடிய விமான தளம் அமைக்கும் யோசனையும் மீண்டும் பேசுபொருளாயின. பெரிய விமானம் வந்தால் தீவு வளரும் என்பதே இந்த விவாதங்களின் அடிப்படை நம்பிக்கை. அது எந்த அளவுக்குச் சரி என்பதை, ஓடுபாதையின் நீளத்திலிருந்தே ஆராய வேண்டியுள்ளது.

காலியாகப் பறக்கும் இருக்கைகள்

அகத்தி விமான நிலையம் 1988 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 19 பேர் அமரக்கூடிய டார்னியர்-228 ரக விமானத்தை மனதில் கொண்டு அமைக்கப்பட்ட தளம் அது. அந்த விமானம் ஏறி இறங்க 1,000 மீட்டருக்கும் குறைவான ஓடுபாதையே போதும். ஆனால், இன்று அங்கு வருபவை 70-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட ஏடிஆர்-72 ரக விமானங்கள். இவை முழு எடையுடன் எழும்புவதற்கு, இயல்பான வானிலையில் கடல் மட்டத்திலேயே சுமார் 1,300 மீட்டர் தேவைப்படும். வெப்பம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைகளுக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறையும். மழையில் நனைந்த ஓடுபாதையில் விமானம் நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். எனவே எடையைக் குறைப்பதைத் தவிர விமானிக்கு வேறு வழியில்லை.

எரிபொருளை விருப்பம்போல் குறைத்துவிட முடியாது என்பது இதிலுள்ள மற்றொரு சிக்கல். பெருநிலப் பகுதியில் ஒரு விமான நிலையத்தில் வானிலை மோசமாக இருந்தால், அருகிலுள்ள மற்றொன்றுக்குத் திருப்பி விடலாம். அகத்திக்கு அருகில் மாற்று விமான நிலையம் எதுவும் இல்லை. கொச்சியோ 450 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ளது. இறங்க முடியாமல் போனால் அவ்வளவு தூரம் திரும்பி வருவதற்கான எரிபொருளையும் சுமந்துகொண்டுதான் விமானம் புறப்பட வேண்டும். ஆகவே குறைக்கப்படுவது பயணிகளின் எண்ணிக்கையும் சரக்கும்தான். இருக்கைகள் காலியாக இருந்தும் பயணச்சீட்டு கிடைக்காத விந்தையான நிலை இப்படித்தான் உருவாகிறது.

இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படும் நீட்டிப்பு, காகிதத்தில் எளிதாகத் தோன்றலாம். ஆனால் அகத்தித் தீவு 8 கிலோமீட்டருக்கும் குறைவான நீளமும், மிக அகன்ற இடத்தில்கூட ஒரு கிலோமீட்டரை எட்டாத அகலமும் கொண்ட மணல் திட்டு. ஜெட் விமானங்களுக்குச் சுமார் 2,000 மீட்டரோ அதற்கு மேலோ தேவை. தென்முனையில் நிலம் முடிந்துவிடுவதால், மீதித் தூரத்தைப் பவளப்பாறைகள் மீதும் அவற்றுக்கு உட்புறமுள்ள ஆழம் குறைந்த நீர்ப்பரப்பிலும்தான் அமைக்க வேண்டியிருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக் கடலின் அலைகளைத் தடுத்து நிறுத்துவது அந்தப் பவளப்பாறைகள்தான். ஓடுபாதைக்கும் அவையே இயற்கை அலைதடுப்பு. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் உயர்ந்து வெளிறிப்போன பாறைகள் அவை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தன் பாதுகாப்புச் சுவரை இடித்து அந்தக் கல்லிலேயே முற்றத்தை விரிவாக்கும் வீட்டுக்காரரின் செயலுக்கு இது ஒப்பாகும்.

ஒரு வாதத்துக்கு, ஓடுபாதை நீட்டிக்கப்பட்டு ஜெட் விமானமும் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பயனடைபவர் யார்? அகத்திக்கும், அருகிலுள்ள பங்காரத்துக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அது நிச்சயம் வசதி. சுஹேலி, கத்மத் தீவுகளில் தாஜ் விடுதிகள் அமைக்கப்படும் என 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டதும் குறிப்பிடத்தக்கது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 10,000-க்கும் அதிகமானோர் வசிக்கும் மினிக்காய், அகத்தியிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. அங்குள்ள நோயாளி ஒருவருக்கு அகத்தியில் ஏர்பஸ் இறங்குவதால் கிடைக்கும் பலன் சொற்பமே. அவசர காலத்தில் அவர் நம்பியிருப்பது ஹெலிகாப்டரை. மற்ற நேரங்களில் கப்பலை. கொச்சிக்கும் தீவுகளுக்கும் இடையிலான கப்பல் பயணம் பொதுவாக 14 முதல் 20 மணி நேரம். பருவமழைக் காலத்தில் இரண்டுமே வானிலையின் தயவில் இயங்குபவை.

பார்ரா தரும் பாடம்

உலகில் இத்தகைய தீவுகளுக்கு விமானம் இயக்கும் நாடுகள் பெரும்பாலும் ஓடுபாதைக்கேற்ற விமானத்தைத் தேர்ந்தெடுத்துள்ளன. ஸ்காட்லாந்தின் பார்ரா தீவில் கட்டப்பட்ட ஓடுபாதையே கிடையாது. கடற்கரை மணலில் விமானம் இறங்குகிறது. கடல் ஏற்றத்தின்போது அந்தத் தளம் நீரில் மூழ்கிவிடும் என்பதால் கால அட்டவணையே ஓதத்தை ஒட்டித்தான் வகுக்கப்படுகிறது. கிளாஸ்கோவிலிருந்து அங்கு செல்வது 19 இருக்கைகள் கொண்ட ட்வின் ஆட்டர் விமானம். அந்தச் சேவை லாபத்தை நம்பி நடப்பதன்று. தீவு மக்களுக்கான பொதுச் சேவையாகக் கருதி அரசு அதற்கு மானியம் அளிக்கிறது.

மாலத்தீவில் அதே ட்வின் ஆட்டர் மிதவைகளுடன் நீரில் இறங்குகிறது. எனினும் லட்சத்தீவுக்கு அதை அப்படியே முன்மாதிரியாகக் கொள்ள இயலாது. மாலத்தீவின் கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறப்பவை. அவை முதன்மையாகச் சுற்றுலா விடுதிகளுக்காக இயங்குகின்றன. இந்தியாவின் சொந்த அனுபவமும் ஊக்கமளிப்பதாக இல்லை. 2010 டிசம்பரில் அந்தமானில் தொடங்கப்பட்ட 'ஜல் ஹன்ஸ்' சேவையும், 2020 அக்டோபரில் குஜராத்தில் தொடங்கப்பட்ட சபர்மதி-கேவடியா சேவையும் நீடிக்கவில்லை. 2024 நவம்பரில் விஜயவாடாவிலும் கொச்சியிலும் மீண்டும் செயல்விளக்கப் பயணங்கள் நடைபெற்றன. செயல்விளக்கங்களுக்கு நம் நாட்டில் ஒருபோதும் பஞ்சமில்லை.

சக்கரங்களில் இறங்கும் 19 இருக்கை விமானத்தைப் பொறுத்தவரை இந்தியா வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கான்பூரில் டார்னியர்-228 விமானங்களைத் தயாரித்து வருகிறது. அலையன்ஸ் ஏர் நிறுவனம் 2022 ஏப்ரல் முதல் அவற்றை அசாமின் திப்ரூகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு இயக்கத் தொடங்கியது. மலைப்பகுதிக்குப் பொருந்தும் விமானம் தீவுக்கும் பொருந்தும்; உப்புக்காற்று என்ஜினையும் உலோகத்தையும் அரிக்காமல் இருக்க அடிக்கடி கழுவிப் பராமரிக்க வேண்டும் என்பதே கூடுதல் செலவு.

உண்மையான தடை பணம்தான். 70 பேர் பகிர்ந்துகொள்ளும் விமானிகள், எரிபொருள், பராமரிப்புச் செலவை 19 பேர் பகிர்ந்தால் கட்டணம் உயரும். உடான் திட்டத்தின் கீழ் வழங்கப்படும் இழப்பீட்டு நிதி பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கானது. அதற்குள் வழித்தடம் சொந்தக் காலில் நின்றுவிடும் என்பது அத்திட்டத்தின் எதிர்பார்ப்பு. வளர்ந்துவரும் சிறு நகரங்களுக்கு இது பொருந்தலாம். ஏறத்தாழ 64,000 பேர் 10 தீவுகளில் சிதறி வாழும் பகுதியில், மூன்று ஆண்டுகளில் லாபம் பார்க்கும் வழித்தடத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. கப்பல் போக்குவரத்துக்கு அரசு ஆண்டுதோறும் செலவிடுவதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. தீவு விமானத்தையும் அதே கணக்கில் சேர்க்கலாம்.

ஓடுபாதை நீட்டிப்பை ஆதரிப்போருக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு: பாதுகாப்பு. 2024 மார்ச்சில் மினிக்காயில் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜடாயு தளம் செயல்பாட்டுக்கு வந்தது. சர்வதேசக் கப்பல்கள் கடந்து செல்லும் ஒன்பது டிகிரி கால்வாயை ஒட்டிய அத்தீவில் கண்காணிப்பு விமானங்கள் இறங்க வேண்டிய தேவையை மறுக்க முடியாது. ஆனால் கடற்படையும் கடலோரக் காவல்படையும் கண்காணிப்புக்குப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் விமானங்களில் முக்கியமானது அதே டார்னியர்-228. மினிக்காய் தளத்தின் நீளம் இன்னும் கல்லிலும் சிமெண்டிலும் முடிவாகிவிடவில்லை. போர் விமானத்தையும் ஏர்பஸ்ஸையும் கருதி அது வரையப்படுமா, மாதம் முழுவதும் மக்களையும் நோயாளிகளையும் ஏற்றிச் செல்லும் சிறிய விமானத்தைக் கருதி வரையப்படுமா என்பதைப் பொறுத்தே, கடலை நிரப்ப வேண்டிய பரப்பளவும் அமையும்.