முதலில் கேளுங்கள், பிறகு ஆணையிடுங்கள்

இணையத்தில் நாம் தட்டும் ஒவ்வொரு பெயரையும் எண் முகவரியாக மாற்றித் தருவது டி.என்.எஸ். அது யார் கையில் இருக்கிறதோ, நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை அவர்களால் அறிய முடியும், தடுக்கவும் முடியும். கூகுள், கிளவுட்ஃபிளேர் வழங்கிகளை நாடுவோரையும் உள்நாட்டு வழங்கிகளுக்கே திருப்ப வேண்டும் என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2024-இல் இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சூதாட்ட, ஆபாசத் தளங்களைத் தடுக்கவே என்றது. எதிர்ப்பு வலுத்ததும் செப்டம்பர் 8-ஆம் தேதி அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதை நிறுத்தச் சொன்னார்.

பின்வாங்கியது சரியே. ஆனால் பொறியாளர்களும் வணிகர்களும் உரிமை அமைப்புகளும் உத்தரவுக்கு முன்பே ஓர் அறையில் அமர்ந்திருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது. 1972 முதல் உலக மின்னணு நிறுவனங்களை ஈர்த்துவரும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு நம்பகமான இணையம் பிழைப்பு பற்றிய விஷயம்.

கூட்டு முயற்சி நமக்குப் புதிதல்ல. 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தில் காவல்துறை, வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணைந்தே செயல்படுகின்றன. பணத்தை இழந்தவர் 997-ஐ அழைக்கிறார். அங்கே சாத்தியமானது சட்டம் வகுக்கும் இடத்தில் ஏன் முடியாது?

2025-ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் ஆணையத்துக்கு ஆலோசனை கூறும் ஒரு குழுவுக்கு வழிசெய்கிறது. அச்சட்டத்தின் விதிமுறைகளை முடிவுசெய்யுமுன் ஜார்ஜ் டவுனிலும் பொது விசாரணை நடத்த வேண்டும். பெற்றோரும் சிறுவணிகரும் அங்கே தமிழிலும் பேச இடமளிக்க வேண்டும். அவர்கள் சொன்னதில் எது ஏற்கப்பட்டது, எது ஏன் மறுக்கப்பட்டது என்பதை ஆணையம் எழுத்தில் வெளியிட வேண்டும்.