பூ முருகனுக்கு, கிழங்கு எமனுக்கு

சித்திரா பௌர்ணமியன்று, கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேறும் அன்பர்கள் பலர். அன்னையின் சந்நிதியை எண்ணி நடக்கையில், மலைமகள் வளர்த்த மரஞ்செடிகளையும் பெயர் சொல்லி அறியக் கற்றால் அந்த ஏற்றமே ஒரு வழிபாடாகும்.

முதலில் வேங்கை. மதுரையை நீங்கிய கண்ணகி மலையேறி வந்து நின்றது வேங்கை மர நிழலில்தான் என்கிறது சிலப்பதிகாரம். வள்ளியை நாடி வந்த முருகப்பெருமான் வேங்கை மரமாய் நின்றதாகவும் புராணம் கூறும். இம்மரத்தை அறிவது எளிது. ஒரே காம்பில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் மாறி மாறி அமைந்திருக்கும். சிற்றிலையின் நுனி சற்றே உள்வாங்கியிருக்கும். பூ பொன்னிறம். காயோ நடுவில் விதையும் சுற்றிலும் மெல்லிய இறகுமாக, வட்டக் காசு போலத் தோன்றும். பட்டையில் காயம் பட்டால் உதிரம் போன்ற பிசின் வடியும். அதனாலேயே உதிரவேங்கை என்ற பெயர். குழந்தைகளுக்குத் திருஷ்டிப் பொட்டு இட நம் பாட்டிமார் பயன்படுத்திய வேங்கைப்பால் இதுவே.

அடுத்தது செங்காந்தள். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர், முருகன் திருமுடியில் காந்தள் கண்ணியைச் சூட்டிக் காண்கிறார். இன்று நம் மாநில மலரும் அதுவே. மழைக்காலத்தில் மலரும் இப்பூவுக்கு இதழ்கள் ஆறு. ஓரம் நெளிந்து, மேல்நோக்கி வளைந்து, பச்சையிலிருந்து மஞ்சளாகிப் பின் செந்தழலாக மாறும்.

அடியேன் சிறுவனாயிருந்தபோது, ஓர் ஐப்பசி மாதத்தில் தோட்டத்து வேலியோரம் மண்ணைக் கிளறிக் கிழங்கு ஒன்றை எடுத்தேன். சீனிக்கிழங்கு என்று எண்ணி வாய்க்குக் கொண்டுபோகையில் பாட்டி ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார். வேலியில் படர்ந்திருந்த காந்தளைக் காட்டி, "பூ முருகனுக்கு, கிழங்கு எமனுக்கு" என்றார். அந்த அடியின் வலி மறந்துவிட்டது, சொல் மறக்கவில்லை.

பாட்டி சொன்னது மிகையன்று. கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்று வழங்கும் அதில் கொல்சிசின் என்னும் நஞ்சு உள்ளது. வேகவைத்தாலும் அது நீங்காது. உண்டவருக்குச் சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும்; அதுவரை ஒன்றுமில்லை என்று காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனை சேர வேண்டும். இலங்கையிலும் இதனை உண்ணும் கிழங்கெனக் கருதி உயிர் நீத்தோர் உண்டு. அதே நஞ்சு அளவறிந்து மருந்தாகும்போது மூட்டுவாத நோய்க்கு உதவுகிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கங்களில் விதைக்காகவே இதனைப் பயிரிடுகிறார்கள்.

வள்ளியம்மை வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த திருமகள் அல்லவா? அந்த வள்ளிக்கொடியும் காந்தளும் ஒரே புதரில் படர்வதுண்டு. பூ இல்லாத நாளில் பிரித்தறிவது எப்படி? இலையைப் பாருங்கள். காந்தள் இலைக்குக் காம்பில்லை. அதன் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி அருகிலுள்ளதைப் பிடித்துக்கொள்ளும். வள்ளிக்கு இலைக்காம்பு உண்டு, நுனிச்சுருள் இல்லை, தண்டே சுற்றிச் சுற்றி ஏறும். பலவகை வள்ளிகளில் இலை இதய வடிவாயிருக்கும். சிலவற்றில் ஐந்து சிற்றிலைகள் விரிந்திருக்கும். எனினும் காட்டு வள்ளியிலும் கசப்பும் நஞ்சும் உடையவை உண்டு. ஆகவே இலையறிவை மட்டும் நம்பி எதையும் உண்ண வேண்டா. கோடையில் இலையும் உதிர்ந்துவிடும். அப்போது கிழங்கை மட்டும் கண்டு துணிதல் பேராபத்து.

கண்ணகி கோயில் இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்தில். மேகமலைக் காடும் 2021 முதல் புலிகள் காப்பகமே. அங்கே பூவைப் பறிக்காமல், கண்ணால் கண்டு மனத்தால் அர்ச்சிப்போம். பேரப்பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று, இலையைக் காட்டிப் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். நம் பாட்டிமார் நமக்குத் தந்த உயிர்க்காப்பை அடுத்த தலைமுறைக்குத் தருவதும் முருகனுக்கு உகந்த தொண்டே.